சாட்சி சொன்ன தக்கை

“என் தம்பி என் வீட்டுக்காரரைக் கொன்னானா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க,” என்றாள் அந்தப் பெண்.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் வந்தவர் பேச்சை நம்பிக் கேட்கிறார் என்று அர்த்தம். கண்ணாடியோடு கேட்டால் வந்தவர் கதை விடுகிறார் என்று அர்த்தம். போன வாரம் முழுக்க அந்தக் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கவே இல்லை.

மேடம் தன் ஆயுளில் பாதியை விபத்தான வண்டிகளுக்கு அடியில் படுத்தே கழித்தவர். எது தற்செயல், எது தில்லுமுல்லு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தார். வெளியில் எல்லோருக்கும் அவர் சர்வேயரம்மா. நான் அவருடைய ஒரே உதவியாளன். எந்நேரமும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிவதால் எனக்கு ‘வால்’ என்று பெயர் வைத்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய மனுஷனுக்கு இது மரியாதையா என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். “அறுந்த வால்னு கூப்பிடட்டுமா?” என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

“முதல்லேருந்து சொல்லும்மா,” என்றார் மேடம்.

“தம்பி மெக்கானிக். எங்க தெருமுனையிலதான் ஷெட் வெச்சிருக்கான். வீட்டுக்காரர் ஏலத்துல எடுத்த பழைய டிரக் ஒண்ணை ஒரு வருஷமா ஓட்டிக்கிட்டு இருந்தார். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர், ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. முன்னாடி யார் ஓட்டினாங்க, எப்படி வெச்சிருந்தாங்க, எதுவுமே தெரியாது. கியர்பாக்ஸ் ஆயிலை மாத்திடலாம்னு முந்தின நாள் சாயங்காலம் தம்பி ஷெட்டுல விட்டார். மறுநாள் காலையில வண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தினார். எங்க தெரு மேடு. இவர் பின்பலகையை மாட்டலாம்னு வண்டிக்குப் பின்னால போனார். வண்டி தானா பின்னால உருண்டுச்சு. பின்னால சுவர்.”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

“தம்பி என்ன சொல்றார்?” என்றார் மேடம்.

“வண்டியில ஏறி இஞ்சினை அணைச்சது அவன்தான். அன்னைக்கே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான். ‘நான்தாங்க்கா காரணம். பழைய வண்டியில புது ஆயில் ஊத்திட்டேன். மாமா டிரைவ்லயே விட்டுட்டு இறங்கிட்டார், கியர் பிடிக்காம நழுவிடுச்சு. நான்தான் மாமாவைக் கொன்னுட்டேன்’னான். ஆறு மாசம் ஆச்சு, அன்னைலேருந்து நான் அவன் முகத்துல முழிக்கல. அவன் ஷெட்டைத் தாண்டக் கூடாதுன்னு நாலு தெரு சுத்திப் போறேன்.”

“அவரே ஒத்துக்கிட்டாரே, அப்புறம் எங்களுக்கு என்ன வேலை?” என்று நான் வாயைக் கொடுத்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா அம்மா இல்லை. புள்ளைங்க இல்லை. அவரும் போயிட்டார். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தாங்க. அவனையும் தலை முழுகுறதுன்னா, நிச்சயமாத் தெரிஞ்சுக்கிட்டு முழுகணும்.”

மேடம் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். “அவர் சாமான் எல்லாம் கைக்கு வந்துடுச்சா?”

“வந்துச்சு. போன், வாட்ச், செருப்பு.”

“எதாவது வராம இருக்கா?”

“சாப்பாட்டுப் பை வரல. அதை விடுங்க, அது ஒரு பெரிய விஷயமில்ல.”

அவள் படியிறங்கிப் போன பிறகு மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “பேசின நேரம் பூரா அழவே இல்லை, கவனிச்சியா?”

“அழுது முடிச்சிருப்பாங்க மேடம்.”

“இல்ல வால். இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

* * *

அந்த டிரக், செத்த வண்டிகள் கிடக்கும் ஒரு யார்டில் கடைசி வரிசையில் நின்றது. யார்டு சரிவான நிலம். வண்டி உருண்டுவிடாமல் சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிக் கனத்த மரக்கட்டைகளைப் போட்டிருந்தார்கள். நீலம் வெளுத்துச் சாம்பலாகிப் போன வண்டி. பின்பக்கம் ஒரு பலகை மட்டும் பிளந்திருந்தது. மேடம் அந்தப் பலகையை ஒரே ஒரு முறை பார்த்தார், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. நானும் போகவில்லை.

யார்டு முதலாளியை எல்லோரும் மொட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். தலையைப் பார்த்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த விபத்தைப் பற்றிய தீர்ப்பை அவர் எப்போதோ எழுதி முடித்திருந்தார்.

“இது சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்மா. பூர்வீகம் தெரியாத வண்டி. எவன் எப்ப ஆயில் மாத்தினான்னு தெரியாது. உள்ளே தேய்ஞ்சுபோன தூசியெல்லாம் பழைய ஆயில்ல மிதந்துக்கிட்டு, அதுதான் பிடிப்பையே குடுத்துக்கிட்டு இருக்கும். அதைப் போய் வடிச்சுட்டுப் புதுசு ஊத்தினா என்ன ஆகும்? இருந்த பிடிப்பும் போயிடும். ஓடுற வண்டி படுத்துக்கும். நம்ம தொழில்ல பாதிப் பேர் இதுக்குப் பயந்துதான் பழைய வண்டியோட கியர்பாக்ஸைத் தொடவே மாட்டாங்க. அந்தப் பையன் வேலையில சுத்தம். ஆனா கை அரிப்பெடுத்து மாத்திட்டான்.”

“மாத்திட்டானா?” என்றார் மேடம்.

“அவனே சொன்னானேம்மா! கியர்பாக்ஸோட அடித்தட்டைக் கழட்டி, ஃபில்டரைப் புதுசாப் போட்டு, ஆயில் ஊத்தினேன்னு என்கிட்டயே சொன்னான்.”

“அப்ப நாமும் கழட்டிப் பாத்துடலாம்.”

மொட்டை முனகிக்கொண்டே ஸ்பேனர்களை எடுத்து வந்தார். மேடத்துக்குப் பதிலாக நான் வண்டிக்கடியில் நுழைந்தேன். அடியில் ஒருவர் படுத்து வேலை செய்வதே சிரமம். மொட்டையும் நானும் ஒருவர் முழங்கை ஒருவர் விலாவில் இடிக்க, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். சில போல்ட்டுகள் திரும்ப மறுத்து அழுதன. தட்டு ஒரு பக்கம் இறங்கியதும் ஆயில் என் சட்டைக் கையைத் தேடி வந்து நனைத்தது.

“மேடம், இந்தச் சட்டைக்கு நீங்கதான் பொறுப்பு.”

“அது ஏற்கெனவே பழசுதானே. பூர்வீகம் தெரியாத சட்டை. தொடாம விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.”

தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தோம். ஆயில் தார் மாதிரி இருந்தது. அடி பிடித்த பாத்திரத்தின் நாற்றம்.

“ஆகா!” என்று நான் எழுந்து நின்றேன். “கருகின பழைய ஆயில். அப்ப தம்பி மாத்தவே இல்லை. கேஸ் முடிஞ்சுது, கிளம்பலாம்.”

“அவசரப்படாதே தம்பி,” என்றார் மொட்டை. “அழுக்கு மேல புதுசை ஊத்தினா கொஞ்ச தூரம் ஓடினதுமே அதுவும் கறுத்துடும். நிறத்தை வெச்செல்லாம் ஒண்ணும் சொல்ல முடியாது.”

“சரியாச் சொன்னீங்க,” என்றார் மேடம். “அதனாலதான் நான் ஆயிலைப் பாக்க வரல.”

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கறுப்புச் சேற்றில் விரல்களை விட்டுத் துழாவினார். இரும்புத் தூளைப் பிடிக்கத் தட்டின் மூலையில் வைத்திருந்த காந்தத்தைத் தொட்டார், விட்டார். கடைசியில் எதையோ பிடித்து எடுத்து என் சட்டையிலேயே துடைத்தார். அது ஒரு தக்கை. மஞ்சள் பிளாஸ்டிக்கில், பெருவிரல் உயரத்துக்கு.

மொட்டையின் முகம் மாறிவிட்டது. “அட, ஆமா!” என்றார்.

“என்ன ஆமா? எனக்கும் சொல்லுங்க,” என்றேன்.

“கியர்பாக்ஸைத் தொழிற்சாலையில செஞ்சதும், ஆயில் அளவு பாக்கிற கம்பிக்கான ஓட்டையைத் தூசி போகாம இந்தத் தக்கையால அடைச்சு வைப்பாங்க,” என்றார் மேடம். “அப்புறம் வண்டியில பூட்டும்போது யாரும் இதை மெனக்கெட்டு வெளியே எடுக்க மாட்டாங்க. கம்பிக் குழாயை வெச்சு ஒரே தட்டு. தக்கை உள்ளே விழுந்துடும். இந்த மாதிரி வண்டியில அதான் வழக்கம். உள்ளே கிடந்தா கெடுதலும் இல்லை. வண்டி பொறந்தப்ப முழுங்கின தக்கை. முதல் முதலா எவன் அடித்தட்டைக் கழட்டுறானோ, அவன் கையில கிடைக்கும். அவன் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவான்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. “அப்ப இது இன்னும் உள்ளே இருக்குன்னா...”

“வண்டி பொறந்ததுலேருந்து இன்னைக்கு வரைக்கும் இந்தத் தட்டை ஒருத்தரும் கழட்டினதில்ல. முதல்ல கழட்டினது நீங்க ரெண்டு பேரும்தான்.”

செய்யாத தப்பைச் செய்ததாக ஒரு மனிதன் சொல்லியிருக்கிறான். அதுவும் சொந்த அக்கா முன்னால். பணத்துக்காகப் பொய் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பயத்தில் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இது இரண்டிலும் சேரவில்லை.

“அப்படின்னா வண்டி ஏன் உருண்டுச்சு?” என்றேன்.

“அதைத்தான் யோசிக்கிறேன். இதோ, பாக்ஸுல இப்ப ஆயிலே இல்லை. எல்லாம் வடிஞ்சு போச்சு. ஆனாலும் வண்டி சரிவுல கட்டை மேல சாயாம நிக்குது, பாரு. ஏன்?”

நான் பார்த்தேன். சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

“கியர் லீவர் பார்க்ல இருக்கு, வண்டியை நிறுத்தி வைக்கிற நிலை,” என்றார் மேடம். “பார்க்ல வண்டியைப் பிடிச்சு நிறுத்துறது உள்ளே இருக்கிற ஒரு இரும்புக் கொக்கி. ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. புது ஆயில், பழைய ஆயில், ஆயிலே இல்லாட்டியும் அது பிடிக்கும். அந்தத் தம்பிக்கு இது தெரியாம இருக்குமா? அதனாலதான் ‘டிரைவ்லயே விட்டுட்டு இறங்கிட்டார்’னு சேர்த்துச் சொல்லியிருக்கான். லீவர் எங்க இருந்துச்சுன்னு பாத்த ஒரே ஆள் அவன்தான்.”

மேடம் வாய்விட்டு யோசிக்க ஆரம்பித்தால் நான் கை கழுவப் போய்விடுவது வழக்கம். தோளில் தொங்கிய என் மத்தியானச் சாப்பாட்டுப் பையில் ஆயில் படாமல் எங்காவது வைக்க வேண்டும். தரையெல்லாம் ஆயில், சீட்டில் கண்ணாடித் தூள். டிரக்கின் கதவு திறந்தே கிடந்தது. அந்தக் காலத்து வண்டி; கியர் லீவர் தரையில் இல்லாமல் ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பையை மாட்ட அளவெடுத்துச் செய்த கொக்கி போல. பையை அதில் மாட்டிவிட்டுத் திரும்பினேன்.

முதுகுக்குப் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி வண்டி ஓசையில்லாமல் பின்னால் நகர்ந்து கட்டைகளில் போய் முட்டியது. மொட்டை அலறிக்கொண்டு ஒதுங்கினார்.

நான் உள்ளே பார்த்தேன். என் பை தொங்கிக்கொண்டிருந்தது. லீவர் அதன் கனத்தில் பார்க்கிலிருந்து கீழே இறங்கி நியூட்ரலில் நின்றது.

மேடம் கிட்டே வந்தார். பையை மெல்லக் கழற்றினார். லீவரின் தண்டில், பை தொங்கிய இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து பளபளத்தது. நாள் தவறாமல் ஏதோ ஒரு வார் உரசி உரசித் தேய்த்த தடம்.

“சாப்பாட்டுப் பை வரல,” என்றார் மேடம். குரல் எழும்பவில்லை. “அதை விடுங்க, பெரிய விஷயமில்லன்னு சொன்னா.”

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்கவே வரவில்லை.

* * *

ஷெட்டில் ஒரு வண்டியும் இல்லை. ஆயில் மாற்றி ஆளைக் கொன்றவன் என்று பேர் எடுத்தவனிடம் யார் வண்டி விடுவார்கள்? ஸ்பேனர்களெல்லாம் துடைத்து, அளவு வாரியாகச் சுவரில் மாட்டியிருந்தன. வேலையில்லாத கை என்ன செய்யும், துடைத்ததையே துடைக்கும். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போய், தாடியும் மீசையுமாக இருந்தான்.

மேடம் தக்கையை எடுத்து அவன் மேஜைமேல் நிற்க வைத்தார்.

அவன் அதைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அது என்ன, எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மெக்கானிக் இல்லையா.

“இது... வேற வண்டியோடதா இருக்கும்,” என்றான்.

“தம்பி,” என்றார் மேடம், “நீ அந்தத் தட்டைத் தொடவே இல்லை. ஏன் தொடல?”

அவன் தலை குனிந்துகொண்டான். “ஆயில் அளவுக் கம்பியை எடுத்து மோந்து பாத்தேங்க. கருகின வாடை. முன்கதை தெரியாத வண்டி, தொட்டா ஓடுறதும் நின்னுடும். ‘வேணாம் மாமா, இருக்கிறபடியே இருக்கட்டும்’னு சொல்லிட்டேன்.”

“லீவரைப் பாத்தியா?”

இந்தக் கேள்வி அவனைக் குத்திவிட்டது. “பாத்தேன். உள்ளே லீவரை ஆடாம பிடிச்சு வைக்கிற புஷ் தேய்ஞ்சு லொடலொடன்னு ஆடிச்சு. ‘நாளைக்கு வாங்கிட்டு வந்து போட்டுடறேன் மாமா, அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க’ன்னேன். நாளைக்குன்னு சொன்னேங்க. அதனால நான் ஊர்ல சொன்னது முழுப் பொய்யும் இல்லை.”

“பை எங்கே?”

அவன் எழுந்தான். ஆயில் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துணிப்பையை எடுத்தான். துவைத்து மடித்திருந்தது. உள்ளே சாப்பாட்டு டப்பாக்கள், கழுவித் துடைத்தவை.

“சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா பின்னால மாமாகிட்ட இருந்தா. நான் இஞ்சினை அணைக்க முன்பக்கம் ஏறினேன். லீவர் நியூட்ரல்ல இருந்துச்சு. இது அதுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மாமா சாப்பாட்டை மறந்துட்டுப் போயிடுவாருன்னு அக்கா தினம் அதுலதான் மாட்டுவா. லீவரைத் தொடாம வண்டியை எடுக்க முடியாதே. அன்னைக்கு வெளியூர் லோடு. ரெண்டு வேளைக்குக் கட்டியிருந்தா.”

அவன் பையைக் கீழே வைக்கவில்லை.

“அவ கையால மாட்டின பைங்க. இதைச் சொல்லிட்டா அவ எப்படி உயிரோட இருப்பா? என்மேல கோவமா இருந்தா எழுந்து நடமாடுவா, நாலு வாய் சாப்பிடுவா. கோவம் ஒரு பிடிமானம்தானேங்க. தயவு பண்ணி சொல்லிடாதீங்க. கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்க.”

மேடம் தக்கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தெரு மேடேறிப் போனது. பாதி தூரத்தில் மேடம் நின்றார்.

“இத்தனை வருஷத்துல நான் ஒரு பொய் அறிக்கை எழுதினதில்ல,” என்றார்.

“தெரியும் மேடம்.”

“முழுசும் சொல்லாம விட்டா அது பொய்யா?”

என்னிடம் அவர் கேள்வி கேட்பது அபூர்வம். கேட்டால் பதிலை எதிர்பார்ப்பது அதைவிட அபூர்வம். அன்று எதிர்பார்த்தார்.

“எனக்குத் தெரியல மேடம்,” என்றேன். “ஆனா நானா இருந்தா பாதியோட நிறுத்திக்குவேன்.”

* * *

வீட்டு வாசலுக்குக் கீழே அந்தச் சுவர் இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் புதுசாகப் பூசி, வெள்ளையடிக்காமல் விட்டிருந்தார்கள். அதைப் பார்க்காமல் கேட்டைத் திறக்க முடியாது. அவள் தினமும் எப்படித் திறக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் உட்கார்ந்ததும் அவள் எதிரில் நின்றாள். மேடம் தக்கையை அவள் உள்ளங்கையில் வைத்து, அதன் கதையைச் சொன்னார். “உங்க தம்பி அந்தக் கியர்பாக்ஸைத் திறக்கவே இல்லை. ஆயிலை மாத்தவும் இல்லை. அவர் கொல்லலம்மா. அது தேய்ஞ்சுபோன வண்டி. லீவர் பார்க்லேருந்து நழுவியிருக்கு. குத்தம் வண்டியோடது. உங்க தம்பி, மாமா போன துக்கத்துல தன்மேல பழியைப் போட்டுக்கிட்டார். அவ்வளவுதான்.”

நன்றாகத்தான் சொன்னார். கேட்ட எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

அவள் தக்கையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். “அப்ப அவன் மாத்தல. நிச்சயம்தானே?”

“நிச்சயம்.”

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“பையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே நீங்க,” என்றாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். “எந்தப் பை?” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அதுதான். மோசமாகவே சொன்னார்.

“அவர் சாமானைக் குடுத்தப்போ பை இல்லை. எங்கே போச்சுன்னு யோசிச்சேன். எங்கே மாட்டினேன்னு யோசிச்சேன். அன்னைக்கே புரிஞ்சு போச்சும்மா. பையை மாட்டிட்டுத் திரும்பி வாசப்படி ஏறக்கூட இல்லை, பின்னால சத்தம் கேட்டுச்சு. அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். ‘அதுல மாட்டாதடி, சீட்டுல வை’ம்பார். சீட்டுல வெச்சா சாப்பாடு சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். அதனால நான் கேக்கல.”

“தெரிஞ்சும் ஏம்மா எங்ககிட்ட வந்தீங்க?” என்று கேட்டேன்.

“அவன் ஆயிலை மாத்தினேன்னு சொன்னானே. அது நிஜமா இருந்துடாதான்னு ஒரு ஆசை. அவன் மாத்தியிருந்தா அவனைத் திட்டிட்டு நான் இருந்துடுவேன். வண்டி நழுவினதுக்கு வேற காரணம் இருக்குன்னு நெனைச்சுக்குவேன். கூடப் பொறந்தவன் கொலைகாரனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் உங்க ஆபீஸ் படி ஏறினேன். இப்படியும் ஒரு அக்கா இருப்பாளா?”

எத்தனையோ வழக்குகளில் குற்றவாளியைப் பார்த்து விரலை நீட்டிய மேடம், இப்போது தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி நிரபராதி என்று நாங்கள் நிரூபித்ததே அவளுக்கு விழுந்த தண்டனை.

என்ன தோன்றியதோ, நான் பேசிவிட்டேன். “எனக்கும் விழுந்துச்சும்மா.”

“என்னது?”

“லீவர். இன்னைக்கு யார்டுல என் சாப்பாட்டுப் பையை நான் அதுலதான் மாட்டினேன். யோசிக்கக்கூட இல்லை. கை தானாப் போயிடுச்சு. வண்டி பின்னால நகர்ந்துச்சு. கட்டை இருந்ததால நின்னுச்சு. பின்னால யாராவது நின்னிருந்து, கட்டையும் இல்லாம இருந்திருந்தா, நானும் இப்ப உங்களை மாதிரி உக்காந்திருப்பேன்.”

அவள் என் தோளில் கிடந்த பையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“இல்லம்மா. மனசு வரல.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, “அவனைக் கூட்டிட்டு வர்றீங்களா? அந்தப் பையையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அவனைத் தவிர வேற யார் எடுத்திருப்பாங்க,” என்றாள்.

நான் தெருவிறங்கி ஓடினேன். அக்கா கூப்பிடுகிறாள் என்றதும் அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னோடு மேடேறினான். கேட்டுக்கு வெளியே கால்கள் நின்றுவிட்டன. அத்தனை மாதம் அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை.

அவள் எழுந்து வந்து கேட்டைத் திறந்தாள். கையை நீட்டிப் பையை வாங்கினாள். உள்ளேயிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

“கழுவினியா?”

“கழுவினேங்க்கா.”

“மூடியை மாத்தி மாத்திப் போட்டிருக்கே.” பெரிய டப்பாவின் மூடியைக் கழற்றி, சரியானதை எடுத்துப் போட்டு அழுத்தினாள். “எல்லாத்தையும் நீ ஒருத்தனே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சியாடா?”

அவன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“உன்மேல தப்புன்னா நான் நல்லா இருப்பேன்னு நெனைச்சியா?”

“நாளைக்குப் போடறேன்னு சொன்னேங்க்கா. அந்தப் புஷ். அன்னைக்கு ராத்திரியே போட்டிருந்தா...”

“சீட்டுல வைன்னு அவர் சொன்னாரு. நான் வெச்சேனா?”

இரண்டு பேரும் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். அவளுக்குப் பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுவரில் ஆணி இருந்தது. அதில் மாட்டப் போன கை பாதியில் நின்று திரும்பி வந்தது. இடுப்பில் குழந்தையை வைக்கிற மாதிரி பையை வைத்துக்கொண்டாள்.

“மாமா இருந்திருந்தா இப்ப என்னடா சொல்லியிருப்பாரு?”

தம்பி மூக்கை உறிஞ்சினான். “‘எத்தனை தடவை சொன்னேன், இவ காது என்ன காதா, சுவரா’ன்னு கேட்டிருப்பாரு. அப்புறம் என்னைப் பாத்து, ‘உன் நாளைக்கு என்னைக்குடா வரும்’னு கேட்டிருப்பாரு.”

மாமாவின் குரலிலேயே சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

மேடம் அவர்களைத் தாண்டி வெளியே வந்தார், நானும் அவரோடு நடந்தேன். அவள் எழுந்தபோது விட்ட தக்கை உள்ளே தரையிலேயே கிடந்தது, மேடம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனை வரை அழுகைச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு குரல், பிறகு இரண்டு.